எழுத்துச் சிதைவும் புறனடையும்

நமது கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தார் வெளியிடும் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். விடுதி வாழ்வையும் விளையாட்டுப் போட்டிகளையும் நினைவுகூர்ந்து எழுதவல்ல அன்பர் பலர் உளர். தமிழாசிரியராகிய யாம் எழுத்தைப் பற்றி எழுதுதலே முறையெனக் கண்டோம். ஆயினும் யாம் கூறப்புகுவது ஏட்டெழுத்தைப் பற்றியதன்று, அச்செழுத்தைப் பற்றியதுமன்று, கணினியினுள்ளே எண்ணாக மாறி வாழும் எழுத்தைப் பற்றியதாகும். அவ்வெழுத்துச் சிதையுமிடத்து நிரல் எழுதுவோர் செய்யத்தக்கது யாது என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள். தமிழாசிரியனுக்கு இஃதெற்றுக்கு என்பீராயின், ஊவா மலைநாட்டுத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எவர்க்கும் இவ்வினா அயலதன்று என்பதே எமது விடை. அதனை மேலே விளக்குவோம்.

முதற்கண் கணினி எழுத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கணினி அறிந்தது எண் ஒன்றே. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் என உடன்பாடு செய்துகொண்டால் அன்றி அதனால் எழுத்தை வைத்திருத்தல் இயலாது. 1963இல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி என்னும் அட்டவணையில் 128 இடங்களே இருந்தன. அவை ஆங்கிலத்துக்கே போதுமாயின. தமிழுக்கு அங்கே இடமில்லை. ஆகவே நம்மவர் பலரும் தத்தமக்கு இயைந்தவாறு அட்டவணை சமைத்தனர். இணையத்தில் திஸ்கி என்பது வழங்கிற்று. தமிழ்நாட்டரசு 1999இல் தாப், தாம் என்பவற்றை ஏற்றது. இலங்கைத் தமிழரிடையே பாமினி என்னும் எழுத்துரு பெருவழக்காயிற்று. ஓரிடத்தில் எழுதியதை மற்றோரிடத்தில் படிக்க முடியாத நிலை இதனால் நேர்ந்தது. உலக மொழிகள் யாவற்றையும் ஒரே அட்டவணையில் அடக்கும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கும் தனியிடம் கிடைத்தது. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியையே பொதுத்தரமாக ஏற்றுக்கொண்டது.

ஒருங்குறி எண்களைச் சேமிக்கும் முறைகளுள் இன்று பெரிதும் வழங்குவது யூ.டி.எஃப்.-8 என்பது. 1992இல் கென் தொம்சன், ரொப் பைக் என்னும் இருவர் இதனை வகுத்தனர். இம்முறையில் தமிழ்க் குறியொன்று மூன்று பைட்டுகளைக் கொள்ளும். முதற்பைட்டு எப்பொழுதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128 முதல் 191 வரையுள்ள ஓர் எண். 'தமிழ்' என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறிக்கோ தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறி. சேமிப்பில் 15 பைட்டு. 224 என்னும் எண்ணைக் கண்டவுடன், பின்னே இரண்டு பைட்டு வரவேண்டும் எனக் கணினி எதிர்நோக்கும். அவை வாராவிடின் அது வழுவாகும். ஐரோப்பிய மொழிகளுக்குரிய பழைய அட்டவணையைக் கொண்டு இதே எண்களைப் படித்தால், தலையில் சாய்கோடிட்ட 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தும், வட்டத்துள் 'ஆர்' எழுதிய வணிகக் குறியும் மாறிமாறி வரும். தமிழ் மின்னஞ்சல்களில் இவ்வணிவகுப்பைக் கண்டு மருண்டவர் நம்முட் பலர் இருப்பர்.

இனி, எம்மை இப்பொருளில் ஈடுபடுத்திய நிகழ்ச்சியைச் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் யாம் கற்பிக்கும் பாடசாலையிலிருந்து மாணவர் பெயர்ப்பட்டியலொன்று ஓர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. தமிழிலே செவ்வனே பொறித்த பட்டியல் அது. அங்கிருந்து அச்சாகித் திரும்பியபொழுது பெயருக்குரிய நிரலிலே பெயர் ஒன்றேனும் இல்லை; கேள்விக்குறிகள் மாத்திரம் வரிசையாக நின்றன. அறிவித்தற்பலகையில் அதனைக் கண்ட சிறுமி ஒருத்தி, "சேர், எங்க பேரெல்லாம் கேள்விக்குறியா வந்திருக்கே, நாங்க யாருன்னு கேக்குறாங்களா?" என்று வினவினாள். உடனின்ற பிள்ளைகள் நகைத்தனர். எமக்கு நகை வரவில்லை.

ஏனெனில் அவ்வினா அம்மக்களை நோக்கி நாடே கேட்ட வினாவாகும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ள விட்டது. எஞ்சி நின்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. இத்தனை ஆண்டும் பசறையிலும் ஹாலிஎலையிலும் அப்புத்தளையிலும் லுணுகலையிலும் வாழ்ந்த குடும்பங்கள் தாம் யாவர் என்பதைத் தாளைக்கொண்டே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அத்தாளிலுள்ள பெயர் பிழைத்தால் ஆளே பிழைத்தவாறாயிற்று.

பெயர் பிழைத்தற்குக் கணினி வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. தோட்டத்துச் செக்றோல் முதலாகப் பல பதிவுகள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்பட்டன. ஆங்கிலத்தில் ழகரம் இல்லை. சிங்கள நெடுங்கணக்கிலும் இல்லை. பழனியம்மாள் என்பாள் ஒருத்தியைக் கொள்வோம். ஒரு பத்திரத்தில் அவள் பலனியம்மா; இன்னொன்றில் பளனியம்மா; கோயிற் புத்தகத்தில் மாத்திரம் பழனியம்மாள். மகனுக்கு அடையாள அட்டை எடுக்கும் நாளில் இம்மூவரும் ஒருத்தியே எனச் சத்தியக் கடதாசி முடித்தற்கு, ஒருநாட் சம்பளத்தை இழந்து பதுளைக் கச்சேரிக்கு வரவேண்டும். எழுதினோர் தீங்கு கருதி எழுதினாரல்லர். தம் நெடுங்கணக்கில் இல்லாத எழுத்து வந்தபோது, அண்மையிலிருந்த எழுத்தொன்றை இட்டு மேற்சென்றனர். இட்டது மாற்றெழுத்து என்பதற்கு ஓர் அடையாளமேனும் இட்டுவைத்திருந்தால், பின்வந்தோர் அறிந்திருப்பர். அஃதில்லாமையே இடர் ஆயிற்று.

கேள்விக்குறிப் பட்டியலின் காரணத்தை எமக்கு விளக்கியவர் எமது பழைய மாணாக்கர் ஒருவர். லயத்திற் பிறந்து, எம்மிடம் நன்னூல் கற்று, இன்று கொழும்பிலே கணினி நிரல் எழுதுபவர். பொங்கலுக்கு ஊர் வந்தவர் பட்டியலைக் கண்டு, "சேர், இது திரும்பி வராத பிழை" என்றார். ஆங்கிலமும் வணிகக் குறியுமாகத் தோன்றும் சிதைவில் எண்கள் பெரும்பாலும் அழிவதில்லை. படித்த அட்டவணை மாறியதே குற்றம். உரிய அட்டவணையைக் கொண்டு மீளப்படித்தால் தமிழ் மீளும். கேள்விக்குறியின் நிலை அத்தகையதன்று. தமிழுக்கு இடமில்லாத தரவுத்தளமொன்றில் தமிழைப் புகுத்தியபோது, அப்பொறி எழுத்து ஒவ்வொன்றையும் எறிந்துவிட்டுக் கேள்விக்குறியை வைத்தது. எறிந்தது எறிந்ததே. எவர்க்கும் அறிவியாமல் அவ்வாறு செய்தமையே அதன் பெருங்குற்றம் என்றார்.

அந்நாளில் அவர் ஒரு நிரல் நூலகம் இயற்றிக்கொண்டிருந்தார். நிரல் நூலகம் என்பது பிறர் எடுத்துத் தம் நிரல்களிற் பயன்படுத்துமாறு ஆக்கிவைத்த நிரற்றொகுதி. வெவ்வேறு அட்டவணைகளிற் பொறித்த பாடசாலைப் பெயர்ப்பட்டியல்களைப் படித்து ஒருங்குறியாக்குதல் அந்நூலகத்தின் தொழில். படிக்க இயலாத எழுத்து வந்தால் யாது செய்வது என்பதில் அவர்க்கு ஐயம் இருந்தது, எம்மிடம் வினவினார். இயல்பான நெறியிற் செல்லாத இத்தகைய நிலையைக் கணினியார் விதிவிலக்கு என்பர். எமக்கோ நம் இலக்கண நூலாரின் புறனடை நினைவுக்கு வந்தது. தொல்காப்பியரும் நன்னூலாரும் விதிகளை எல்லாம் வகுத்தபின், விதிக்குள் அடங்காதன வருமென அறிந்து புறனடைச் சூத்திரமும் செய்துவைத்தனர். அடங்காததை இல்லையெனக் கூறாது, அதற்கும் ஒரு வாயில் வைத்த பேரறிவு அது.

பைதன் என்னும் நிரல்மொழியில் இதற்குப் பல வழிகள் உள. வழுக் கண்டவிடத்து நின்று அறிவித்தல் முதலாவது. வேறு கூறாவிடின் அம்மொழி கைக்கொள்வது பெரும்பாலும் இதுவே. வழுவுற்றதை விட்டுவிடுதல் இரண்டாவது. அதனிடத்தில் ஓர் அடையாளக் குறியை இடுதல் மூன்றாவது. கறுத்த சாய்சதுரத்துள் வெள்ளைக் கேள்விக்குறியாகத் தோன்றும் உருவம் இதற்கெனவே ஒருங்குறியில் வைக்கப்பட்டது. படிக்கவியலாத பைட்டை வேறெதற்கும் வழங்காத ஒதுக்கிடத்தில் மறைத்து வைத்து, வெளியே எழுதும்போது இருந்தவாறே திருப்பித் தருதல் நான்காவது. 2009இல் வெளிவந்த பைதன் 3.1 பதிப்பில் இது சேர்ந்தது. ஜாவா மொழியிலும் அறிவித்தல், விடுதல், மாற்றுதல் என மூன்று உண்டு. அன்றியும் ஜாவா நூலார் வழுவை இருவகையாகப் பிரித்தனர். வந்த பைட்டு வரிசையே ஒழுங்கற்றது எனல் ஒன்று. எழுத்து நல்லதே, அதற்கு இவ்வட்டவணையில் இடமில்லை எனல் மற்றொன்று. முன்னது ஏடு செல்லரித்தமை போல்வது. பின்னது சிங்களத்தில் ழகரம் இல்லாமை போல்வது. இரண்டுக்கும் மருந்து வேறு.

இவற்றுள் எது நன்று என மாணாக்கர் வினவ, யாம் ஏடு பதிப்பித்தோரின் வழியைக் காட்டினோம். ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். இந்நிலையிலே சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டார். அந்நூலில் 267, 268 ஆகிய பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுகளில் அடிகளும் சீர்களும் சிதைந்துள்ளன. ஐயரவர்கள் இழந்த சீரைத் தாமே புனைந்து நிரப்பினாரல்லர். இழப்பே தோன்றாதவாறு அடிகளை ஒட்டினாரும் அல்லர். இழந்த இடத்தைப் புள்ளிகளாற் காட்டி, பாட்டின் எண்ணையும் மாற்றாது வைத்தார். அதனாலன்றோ அங்கே ஒன்று இருந்தது என்பதை இன்றும் நாம் அறிகின்றோம்.

விட்டுவிடுதலின் தீமையை ஒரு பெயரால் அறியலாம். இராமாயி என்னும் பெயரின் நடுவிலுள்ள மாகாரம் சிதைந்தது எனக் கொள்வோம். அதனை விட்டொழித்தால் எஞ்சுவது இராயி. அதுவும் தோட்டத்தில் வழங்கும் பெயரே. பட்டியலைப் படிப்போர் எவர்க்கும் ஐயம் தோன்றாது; ஒருத்தியின் இடத்தில் மற்றொருத்தி வந்தமர்வாள். ஆதலின் விடுதல் ஆகாது என்பதில் இருவேமும் உடன்பட்டோம். கேள்விக்குறியினும் கொடியது நல்ல எழுத்துப் போலத் தோன்றும் பொய்யெழுத்து என்பதே அன்று யாம் கண்ட முடிவு.

ஆயின், நின்று அறிவித்தலில் மாணாக்கர்க்கு உடன்பாடு குறைவாயிருந்தது. "ஐந்நூறு பிள்ளைகளின் பட்டியலில் ஒரு பெயர் பழுதென்றால் எல்லாரையும் நிறுத்தி வைப்பதா, சேர்? நள்ளிரவிலே பொறி நின்றுவிட்டால் விடியும்போது பட்டியலே இராதே" என்றார். அக்கூற்றிலும் நியாயம் உண்டு. ஒரு பெண்ணின் பெயருக்காக நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரைக் காக்க வைத்தலும் முறையன்று. அவர்களின் விரைவுக்காக அவள் பெயரைச் சிதைத்தலும் முறையன்று. நெடுநேரம் உசாவியபின் அவரே ஒரு வழி கண்டார். பழுதுற்ற வரியை மாத்திரம் தனியேட்டில் எடுத்து வைப்பது. மூலப் பைட்டுகளை ஒன்றேனும் மாற்றாது உடன் வைப்பது. எத்தனையாம் வரி, எத்தனையாம் பைட்டிற் பழுது தொடங்கி எங்கே முடிந்தது, எவ்வட்டவணையாற் படிக்க முயன்றது, காரணம் யாது என்பவற்றைக் குறிப்பது. ஏனையோரை மேற்செல்ல விடுவது. முடிவில் இத்தனை வரி எஞ்சியுள என உரத்து அறிவிப்பது. எஞ்சியவை தீருமளவும் பட்டியல் நிறைவுற்றது எனப் பொறி கூறலாகாது. பைதனின் வழுவறிக்கையும் இவ்வைந்தையே தாங்கிவரும் என்றார்: அட்டவணையின் பெயர், மூலம், தொடக்கம், முடிவு, காரணம். நல்ல உரையாசிரியன் பாடபேதம் குறிக்குமாறும் இதுவேயன்றோ?

இன்னும் இரு நுட்பங்கள் எழுந்தன. ஒன்று, பாமினி பற்றியது. பாமினியில் 'தமிழ்' எனப் பொறித்தால் கணினியிற் சேர்வது ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்து நான்கும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். அவற்றைத் தமிழ்போற் காட்டுவது எழுத்துருவின் வேடம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே வேடம் கலையும். ஆயினும் அவை அனைத்தும் ஆஸ்கியின் 128 இடங்களுள் அடங்கிய நல்லெழுத்துகளே. ஆதலின் எப்பொறியும் வழுவெனக் கூறாது. விதிவிலக்குத் தோன்றாத இடத்தில் அதனைக் கையாளுதல் எங்ஙனம்? அனுப்புவோர் அட்டவணையின் பெயரை முன்னரே கூறாவிடின் பட்டியலை ஏலாமையும், தமிழ்ப்பெயர் இருக்கவேண்டிய நிரலில் தமிழெழுத்தே இல்லையாயின் தடுத்து நிறுத்தி வினவுதலுமே வழி. பொறி தானே ஊகித்து மாற்றுமாயின் உண்மையான ஆங்கிலப் பெயரையும் தமிழெனத் திரித்துவிடும்.

மற்றொன்று, பெயருக்கு இடம் அளத்தல் பற்றியது. பழனியம்மாள் என்னும் பெயர் தமிழில் ஏழெழுத்து. ஒருங்குறியில் 11 குறி. சேமிப்பில் 33 பைட்டு. பெயருக்கு 20 பைட்டு இடம் வைத்த பொறி அதனை வெட்டினால் 'பழனியம' என்பது 18 பைட்டில் அடங்கும். அடுத்த புள்ளியின் மூன்று பைட்டில் இரண்டே எஞ்சிச் சிதைவாகும். அது வழுவெனப் புலப்படும். 30 பைட்டு இடம் வைத்திருந்தாலோ வெட்டு இரண்டு குறிகளின் இடையிலே நேராக விழும். 'பழனியம்மாள' என்று நிற்கும். புள்ளி போயிற்று, மெய் உயிர்மெய்யாயிற்று. பொறிக்கோ ஒரு வழுவும் இல்லை. இதனை அறிதற்குக் கணினிக்கு எண் தெரிதல் போதாது, எழுத்தியல் தெரிதல் வேண்டும். குறிகளை எண்ணாமல் தமிழெழுத்துகளையே பிரித்து எண்ணும் நூலகங்களை நம்மவர் இயற்றியிருத்தல் மகிழ்ச்சி தருவது. முத்து அண்ணாமலை முதலியோரின் ஓப்பன்-தமிழ் அத்தகையது. எம் மாணாக்கரும் தம் நூலகத்தில் எழுத்து முடியுமிடத்திலன்றி வேறெங்கும் வெட்டலாகாது என விதி வகுத்தார். இடம் போதாவிடின் வெட்டாது, புறனடையேட்டில் வைக்கும்படியும் செய்தார்.

அந்நூலகம் பெரிய நிறுவனம் ஒன்றின் ஆக்கமன்று. மாலைப்பொழுதுகளில் ஒருவர் தனித்து எழுதியது. ஆயினும் எமது பாடசாலைப் பட்டியலும் அயலிலுள்ள தோட்டப் பாடசாலைகள் சிலவற்றின் பட்டியலும் அதனூடே சென்று வருகின்றன. புறனடையேடு வெறுமையாக வருவதில்லை. ஒவ்வொரு முறையும் சில பெயர்கள் அதில் இருக்கும். யாம் அவற்றை எடுத்துக்கொண்டு, பிள்ளையின் பெற்றோரை அழைத்து, "உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்கின்றோம். தாய்மார் சிலர் எழுத அறியாதவர். ஆயினும் தம் பிள்ளையின் பெயரில் ழகரம் உண்டோ லகரம் உண்டோ என்பதை அவர் நாவே சொல்லிவிடும். பொறி அறியாததை அறிந்தவர் ஒருவர் எங்கோ இருக்கின்றார். அவரைத் தேடிக் கேட்குமளவும் காத்திருக்க இடம் வைத்தலே புறனடையின் பயன்.

நமது கல்லூரியிற் பயின்றோருள் அலுவலகங்களில் உயர்பதவி வகிப்போரும் கணினித் தொழில் புரிவோரும் பலர் உளர். அவர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் சிறிதே. நீங்கள் ஆளும் பட்டியலில் தமிழுக்கு இடம் உண்டோ எனச் சோதித்துப் பாருங்கள். எழுத்துப் பிழைத்தவிடத்துப் பொறி வாய்மூடி மேற்செல்லாதபடி செய்யுங்கள். மூலத்தை அழியாது வையுங்கள். இன்று கற்கும் மாணவர்க்கு ஒன்று கூறுவோம்: நன்னூல் எழுத்ததிகாரம் தேர்வுக்காக மாத்திரம் படிக்கத்தக்கதன்று. மெய் எது, உயிர்மெய் எது, புள்ளி எதன்மேல் நிற்கும் என்பவற்றை ஐயமறக் கற்றவரே நாளைத் தமிழ் நிரல்களைப் பிழையற எழுதவல்லவர். தோட்டத்துப் பெயர்களை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் தமக்கு இயைந்தவாறு எழுதினர். இனி அவற்றை உள்ளவாறே எழுதும் கருவி நம் கையிலே உண்டு. அக்கருவியைச் செவ்வனே ஆளும் மாணாக்கரை நம் கல்லூரி மேன்மேலும் ஈன்று புகழ் பெறுவதாக.